‘நீமோ’ மீனை வீட்டில் வளர்க்க ஆசையா? மீன் வாங்கும் முன் ஆறு வாரம் காத்திருக்கச் சொல்வது ஏன்?

ஆரஞ்சு உடம்பு, குறுக்கே மூன்று வெள்ளைப் பட்டை, பட்டையின் ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு. வண்ண மீன் கடைகளில் இந்த மீன் இருக்கும் தொட்டிக்கு முன்னால் குழந்தைகள் நகராமல் நிற்பார்கள். "அப்பா, நீமோ!" என்று ஒரு குரல் வந்துவிட்டால் போதும், பெரும்பாலும் அந்த மீன் அன்றே ஒரு வீட்டுக்குப் போய்விடும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. முதல் நாள் சுறுசுறுப்பாக நீந்திய மீன், நான்காம் நாள் தீனியைத் தொடாது. பத்தாம் நாள் தொட்டியின் அடியில் கிடக்கும். "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு, தண்ணிகூட பளிச்சுனு இருக்கே" என்பார்கள் வீட்டில். தண்ணீர் பளிச்சென்று இருப்பதும், அதில் கடல் மீன் வாழ முடிவதும் வேறு வேறு விஷயங்கள். ஒழுங்காகப் பராமரித்தால் 15 முதல் 20 ஆண்டுகள்வரைகூடத் தொட்டியில் வாழக்கூடிய மீன் இது. அது ஏன் பத்து நாளில் சாகிறது? சாகாமல் வளர்க்க என்ன செய்ய வேண்டும்?

‘நீமோ’ என்பது எந்த மீன்?

2003-ல் வெளிவந்த ‘ஃபைண்டிங் நீமோ’ படத்தால் உலகம் முழுக்க அறிமுகமான இந்த மீனின் பெயர் கோமாளி மீன். ஆங்கிலத்தில் க்ளவுன் ஃபிஷ். இதில் ஏறக்குறைய 30 இனங்கள் உண்டு. கடைகளில் அதிகம் கிடைப்பது ‘ஆம்ஃபிப்ரியான் ஒசெல்லாரிஸ்’ என்ற இனம். அந்தமான் கடலில் இருந்து தென்கிழக்கு ஆசியா, வட ஆஸ்திரேலியா வரையிலான பவளத்திட்டுகள்தான் இதன் சொந்த ஊர். நன்கு வளர்ந்த பெண் மீன் 10 சென்டிமீட்டரைத் தொடும். ஆண் அதைவிடச் சிறியது.

தமிழகக் கடலிலும் கோமாளி மீன் உண்டு. மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் ‘செபே’ என்ற இனம் வாழ்கிறது. கரும்பழுப்பு உடம்பு, இரண்டு வெள்ளைப் பட்டை, மஞ்சள் வால். படத்தில் வந்த மீனின் ஒன்றுவிட்ட சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.

தங்க மீன் வளர்த்த அனுபவம் போதாதா?

கைகொடுக்கும், ஆனால் போதாது. தங்க மீன், ஃபைட்டர், கப்பி போன்றவை நன்னீர் மீன்கள். குளம், ஓடை, வயல் நீர் என மாறிக்கொண்டே இருக்கும் தண்ணீரில் வாழ்ந்து பழகிய வம்சம். மழை பெய்தால் ஒரு மாதிரி, வெயில் அடித்தால் ஒரு மாதிரி இருந்தாலும் ஓரளவு சமாளித்துவிடும்.

பவளத்திட்டின் கதை வேறு. அங்கே உப்பின் அளவும் வெப்பநிலையும் மெதுவாகத்தான் மாறும். கழிவு சேர்ந்தால் உடனே கரைத்து அடித்துச் செல்ல ஒரு பெருங்கடலே இருக்கிறது. அந்த மீனை நூறு லிட்டர் தண்ணீருக்குள் அடைக்கும்போது, கடல் இலவசமாகச் செய்து கொடுத்த வேலை முழுவதும் வளர்ப்பவர் தலையில் விழுகிறது.

உடம்பின் அமைப்பும் நேர்எதிர். கடல் மீனின் உடலில் உள்ளதைவிடச் சுற்றியிருக்கும் நீரில் உப்பு அதிகம். அதனால் அதன் உடலில் இருந்து நீர் வெளியேறிக்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட மீன் கடல் நீரைக் குடித்து, மிகுந்த உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றுகிறது. ஒவ்வொரு நொடியும் நடக்கும் வேலை இது. தொட்டியின் உப்பு அளவு திடீரென ஏறி இறங்கினால் இந்த வேலை தடுமாறும், மீன் தளர்ந்துவிடும்.

"கடல் பக்கத்துலயேதானே இருக்கு, ரெண்டு குடம் மோந்துட்டு வந்தா போதாதா?"

சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற ஊர்களில் இந்தக் கேள்வி தவறாமல் வரும். கரையோர நீரில் மூன்று சிக்கல்கள் இருக்கின்றன. முதலாவது, நகரக் கழிவு. கூவம், அடையாறு போன்றவை கடலில் கலக்கும் இடங்களை நினைத்துப் பார்த்தாலே புரியும். இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். வாளியில் அடைபட்டதும் அவை செத்து அழுகி, தண்ணீரைக் கெடுக்கும். மூன்றாவது, மழைக்காலம். ஆற்று நீரும் மழை நீரும் கலந்து கரையோர நீரின் உப்பளவு இறங்கிவிடும்.

அதனால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு எளிய வழி, மீன் கடைகளில் கிடைக்கும் ‘மரைன் சால்ட்’. சமையல் கல்லுப்பைக் கரைத்தால் தண்ணீர் கரிக்கும், அவ்வளவுதான். அது கடல் நீர் ஆகிவிடாது. கடல் நீரில் சோடியம், குளோரைடுடன் மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்ஃபேட் எனப் பலவும் குறிப்பிட்ட விகிதத்தில் இருக்கின்றன. மரைன் சால்ட் பாக்கெட்டில் அந்த விகிதத்தைத் தயாரித்தே கொடுக்கிறார்கள்.

ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் என்பது கணக்கு. 100 லிட்டர் தொட்டிக்கு மூன்றரைக் கிலோ. கரைக்கும் தண்ணீரும் முக்கியம். குழாய் நீரில் குளோரின் இருக்கும், போர் தண்ணீரில் கடினத்தன்மையும் நைட்ரேட்டும் இருக்கலாம். ஆர்.ஓ. நீர் பாதுகாப்பானது. உப்பைத் தனி வாளியில் கரைத்து, ஒரு நாள் முழுக்கக் கலங்க விட்டு, ஹைட்ரோமீட்டரிலோ ரிஃப்ராக்டோமீட்டரிலோ அளந்து பார்க்க வேண்டும். ஒப்படர்த்தி 1.024 முதல் 1.026-க்குள் இருந்தால் சரி. மீன் இருக்கும் தொட்டியில் உப்பை நேரடியாகக் கொட்டவே கூடாது.

எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்?

சின்னத் தொட்டி என்றால் வேலை குறைவு என்று தோன்றும். உண்மை தலைகீழ். தண்ணீர் குறையக் குறைய, சிறு தவறும் பெரிய மாற்றமாகிவிடும். பத்து லிட்டர் கண்ணாடிக் கிண்ணத்தில் மீந்துபோன ஒரு சிட்டிகைத் தீனி, நூறு லிட்டரில் பத்தில் ஒரு பங்கு பாதிப்பைத்தான் தரும்.

ஒரு ஜோடி கோமாளி மீனுக்குக் குறைந்தது 75 லிட்டர் தேவை. மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியில் சுமார் 127 லிட்டர் பிடிக்கும். தொடக்கத்துக்கு இது வசதியான அளவு. தண்ணீர் மட்டுமே 130 கிலோ எடை வரும், கண்ணாடியும் கல்லும் தனி. டி.வி. மேசை மீது வைக்கிற சமாச்சாரம் இல்லை இது.

தொட்டியுடன் தண்ணீரை ஓடவைக்கும் பம்ப், ஃபில்டர், வெப்பமானி, அம்மோனியா–நைட்ரைட்–நைட்ரேட் பரிசோதனை கிட் ஆகியவை அவசியம். முடிந்தால் ‘புரோட்டீன் ஸ்கிம்மர்’. பருப்பு வேகும்போது பொங்கும் நுரையைக் கரண்டியால் எடுத்துப் போடுகிறோமே, அந்த வேலையைத்தான் இந்தக் கருவி செய்கிறது. நுண்ணிய குமிழ்களில் ஒட்டும் கழிவு, அழுகி அம்மோனியாவாக மாறும் முன்பே நுரையாக வெளியேறிவிடும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், மீனின் விலை மொத்தச் செலவில் மிகச் சிறிய பங்கு என்பது புரியும்.

காலித் தொட்டியை ஏன் ஆறு வாரம் ஓட்ட வேண்டும்?

பத்து நாளில் மீன் சாவதற்கான பெரும்பாலான காரணம் இங்கேதான் இருக்கிறது.

மீன் தன் கழிவைப் பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. சாப்பிடாமல் விட்ட தீனி அழுகினாலும் அம்மோனியா வரும். நிறம் கிடையாது, கரைந்திருப்பது கண்ணுக்கே தெரியாது. ஆனால் செவுளை எரித்துவிடும். கடல் நீர் சற்றுக் காரத்தன்மை கொண்டது, பி.எச். அளவு 8.1 முதல் 8.4 வரை. காரத்தன்மை கூடும்போது அம்மோனியாவின் நச்சும் கூடுகிறது.

இதைத் தின்று தீர்க்க இயற்கையில் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. ஒரு வகை, அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை, நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு ஆபத்தானது இல்லை. வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் கட்டுக்குள் இருக்கும். இந்த பாக்டீரியாக்கள் கல், மணல், ஃபில்டர் பஞ்சு ஆகியவற்றின் மேற்பரப்பில் படிந்து வாழ்பவை. புதுத் தொட்டியில் அவை இருக்காது. மெதுவாகத்தான் பெருகும்.

மாவு அரைத்த கையோடு இட்லி ஊற்ற முடியாது, புளிக்க ஓர் இரவு வேண்டும். அதேபோல் கடல் தொட்டி ‘புளிக்க’ நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மீன் வளர்ப்பவர்கள் இதை ‘சைக்ளிங்’ என்கிறார்கள்.

செய்முறை எளிது. உப்பு நீர் நிரப்பி, கல்லும் மணலும் இட்டு, பம்பை ஓட விட வேண்டும். பாக்டீரியாவுக்குத் தீனியாக ஒரு சிறு துண்டு பச்சை இறாலைப் போட்டால் போதும். அது அழுக அழுக அம்மோனியா ஏறும். சில நாள்களில் நைட்ரைட் ஏறும். பிறகு இரண்டும் படிப்படியாக இறங்கி, நைட்ரேட் மட்டும் மிஞ்சும். மீண்டும் கொஞ்சம் அம்மோனியா சேர்த்தாலும், மறுநாளே அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று கிட் காட்டினால் தொட்டி தயார். சிலர் இதற்காக விலை மலிவான உயிருள்ள மீன்களை முதலில் விட்டுப் பார்ப்பார்கள். ஒரு துண்டு இறால் செய்யும் வேலைக்கு ஓர் உயிரை வதைக்க வேண்டியதில்லை.

இந்த ஆறு வாரமும் வீட்டில் இருப்பவர்கள் "வெறும் தண்ணிக்கா இவ்வளவு செலவு?" என்று கேட்பார்கள். கடல் மீன் வளர்ப்பில் கடினமான கட்டம் இதுதான். பொறுத்தவர்களின் மீன் பிழைக்கிறது.

தொட்டி தயாரான பிறகும் ஒரு கண்ணி இருக்கிறது. ஃபில்டர் பஞ்சு அழுக்காக இருக்கிறதே என்று குழாயடியில் அலசிவிட்டால், குளோரின் பட்டு பாக்டீரியா மொத்தமும் செத்துவிடலாம். தொட்டியில் இருந்து எடுத்த நீரிலேயே லேசாக அலச வேண்டும்.

தண்ணீர் குறைந்தால் எதை ஊற்றுவது?

புதியவர்கள் அதிகம் தவறும் இன்னொரு இடம் இது. வெயிலில் தொட்டி நீர் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும்.

100 லிட்டரில் 3,500 கிராம் உப்பு இருக்கிறது. பத்து லிட்டர் ஆவியானால், மீதமுள்ள 90 லிட்டரிலும் அதே 3,500 கிராம்தான். அதாவது லிட்டருக்குக் கிட்டத்தட்ட 39 கிராம். இப்போது "குறைஞ்ச அளவுக்கு உப்புத் தண்ணியே ஊத்திடுவோம்" என்று பத்து லிட்டர் உப்பு நீர் சேர்த்தால், தொட்டியின் உப்பு 3,850 கிராம் ஆகிவிடும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் மீனால் தாங்க முடியாது. ஆவியான நீருக்கு ஈடாக உப்பில்லாத ஆர்.ஓ. நீரைத்தான் ஊற்ற வேண்டும், அதுவும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக. வாரம் 10 முதல் 15 சதவீதம் பழைய நீரை வெளியே எடுத்துவிட்டு மாற்றும்போது மட்டும்தான் புதிய உப்பு நீர்.

சித்திரை வெயிலையும் மின்வெட்டையும் எப்படிச் சமாளிப்பது?

கோமாளி மீனுக்கு 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் வசதியானது. தமிழ்நாட்டில் கோடையில் அறை வெப்பமே 33, 34-ஐத் தாண்டும். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். மீன் மேலே வந்து வாயை வாயைத் திறக்கும். வெயில் நேரடியாகப் படாத சுவரோரம், தொட்டியின் மூடியைத் திறந்து வைத்து மேற்பரப்பில் ஒரு சிறிய ஃபேன் என்ற ஏற்பாட்டிலேயே இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் நீர் வேகமாக ஆவியாகும் என்பதால் ஆர்.ஓ. நீர் ஊற்றுவதை மறக்கக் கூடாது. இதற்கும் அடங்காத வீடுகளில் ‘சில்லர்’ தேவைப்படும். அதன் விலையும் மின்கட்டணமும் கணிசமானவை என்பதை முதலிலேயே கணக்கில் எடுப்பது நல்லது.

மின்சாரம் போனால் பம்ப் நிற்கும், நீரோட்டம் நிற்கும், ஆக்சிஜன் குறையத் தொடங்கும். பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். இன்வெர்ட்டர் இருந்தால் பம்பை அதில் இணைத்துவிடலாம்.

கடல் சாமந்தி இல்லாமல் வாழுமா?

கடலில் கோமாளி மீன் தனியாக இருக்காது. கடல் சாமந்தி என்ற, பூப்போல விரிந்த விலங்கின் கொடுக்கு இழைகளுக்குள் குடியிருக்கும். மற்ற மீன்களைக் கொட்டும் அந்த இழைகள், தோல் மீதுள்ள வழுவழுப்புப் படலத்தின் உதவியால் கோமாளி மீனை ஒன்றும் செய்வதில்லை. பதிலுக்கு, சாமந்தியைக் கடிக்க வரும் மீன்களை இது விரட்டும்.

கடலில் சாமந்தி இல்லாவிட்டால் இந்த மீனைப் பெரிய மீன்கள் தின்றுவிடும். வீட்டுத் தொட்டியில் அந்த ஆபத்து இல்லை. அதனால் சாமந்தி கட்டாயம் இல்லை. ஒரு சின்ன மண்தொட்டியையோ பீங்கான் குழாயையோ வைத்தால், அதையே தன் வீடாக்கிக்கொள்ளும். சாமந்தி வளர்ப்பதுதான் கடினம். அதற்கு வலுவான விளக்கும், ஆறு மாதம் முதல் ஓராண்டு பழகிய தொட்டியும் வேண்டும். இடம் பிடிக்காவிட்டால் நகர்ந்துபோய் பம்பில் சிக்கி நசுங்கி, தொட்டி நீர் முழுவதையும் நஞ்சாக்கிவிடும்.

பவளம், ‘லைவ் ராக்’ வைக்கலாமா?

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டுப் பவளத்துண்டுகளைத் தேடி அலைபவர்கள் இந்தியச் சட்டத்தைத் தெரிந்துகொள்வது அவசியம். கடினப் பவளங்கள், கருப்புப் பவளம், கடல் விசிறி போன்றவை 2001-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. கடல் குதிரையும் அதே பட்டியலில் இருக்கிறது. முதல் அட்டவணை உயிரினங்கள் தொடர்பான குற்றங்களுக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறைத் தண்டனை உண்டு. "செத்துப்போன பவளம்தானே" என்பது தப்பிக்கும் வழி ஆகாது.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அங்கிருந்து கல்லோ மீனோ எதையும் எடுக்கக் கூடாது. தொட்டிக்குச் செயற்கைப் பீங்கான் கற்களே போதும். பாக்டீரியா அதிலும் நன்றாகவே படியும்.

ஒன்று வாங்குவதா, இரண்டா?

கோமாளி மீன்கள் எல்லாமே ஆணாகத்தான் வாழ்க்கையைத் தொடங்குகின்றன. ஒரு கூட்டத்தில் பெரியதாகவும் வலுவாகவும் இருக்கும் மீன் பெண்ணாக மாறும். அடுத்தது அதன் ஜோடி. மற்றவை இனப்பெருக்கம் செய்யாமல் வரிசையில் காத்திருக்கும். பெண் இறந்துவிட்டால் ஜோடியாக இருந்த ஆண், பெண்ணாகிவிடும். படத்தில் தாயை இழந்த நீமோவின் அப்பா, நிஜக் கடலில் நீமோவின் அம்மாவாகியிருக்கும்!

இது வளர்ப்பவர்களுக்குப் பயன்படும் தகவல். அளவில் வேறுபட்ட இரண்டு இளம் மீன்களை ஒன்றாக வாங்கினால், பெரியது பெண்ணாகி, தானாக ஜோடி சேரும். மூன்று, நான்கு என்று விட்டால் வளர வளரச் சண்டைதான். கடைசி மீன் மூலையில் ஒடுங்கிச் சாகும்.

ஜோடி நன்கு பழகினால் தொட்டியிலேயே முட்டையிடும். சில நூறு முட்டைகளை ஆண் மீன் விசிறி விசிறிக் காக்கும். ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாளில் இரவு நேரத்தில் பொரியும். ஆனால் குஞ்சுகளுக்குக் கண்ணுக்குத் தெரியாத அளவிலான ‘ரோட்டிஃபர்’ என்ற உயிருள்ள தீனி முதல் நாளே வேண்டும். அதைத் தனியாக வளர்த்து வைத்திருந்தால்தான் குஞ்சு தப்பும்.

கடலில் பிடித்ததா, பண்ணையில் பொரித்ததா?

கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. நன்னீர் வண்ண மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை. கடல் வண்ண மீன்களில் நிலைமை நேர்மாறு. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் உலகப் பாதுகாப்புக் கண்காணிப்பு மையம் 2003-ல் வெளியிட்ட அறிக்கை, ஆண்டுதோறும் 2 கோடி முதல் 2.4 கோடி கடல் வண்ண மீன்கள், 1,471 இனங்களில் விற்பனையாவதாக மதிப்பிட்டது. அவற்றில் பெரும்பாலானவை பவளத்திட்டுகளில் இருந்து நேரடியாகப் பிடிக்கப்பட்டவை.

பிடிக்கும் முறையும் கவலைக்குரியது. 1960-களில் பிலிப்பைன்ஸில் தொடங்கிய சயனைடு முறையில், நஞ்சைப் பவள இடுக்குகளில் பீய்ச்சி, மயங்கி வரும் மீன்களைச் சேகரிப்பார்கள். பவளம் சாகும். மீன் வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருந்து, சில நாள் கழித்துச் சாகலாம். கோமாளி மீன் சாமந்தியை விட்டு நகராது என்பதால் வலையாலேயே எளிதில் பிடித்துவிடலாம். அதனாலேயே ஓரிடத்தில் இருந்து அது முழுதாகத் துடைக்கப்படவும் வாய்ப்பு அதிகம். பிலிப்பைன்ஸின் செபு பகுதியில் நடந்து 2005-ல் வெளியான ஆய்வு, மீன் சேகரிக்கப்படும் இடங்களில் கோமாளி மீன்களும் சாமந்திகளும் கணிசமாகக் குறைந்திருப்பதைக் காட்டியது.

படத்தால்தான் இந்த மீனுக்கு ஆபத்து வந்தது என்று பரவலாகச் சொல்லப்படுவது உண்டு. 2016-ல் அடுத்த பாகமான ‘ஃபைண்டிங் டோரி’ வந்தபோது ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். டோரி மீன் பற்றி இணையத்தில் தேடுவது கூடியதே தவிர, அமெரிக்காவுக்கான அந்த மீனின் இறக்குமதி கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. படத்தைக் குறை சொல்வதைவிட, கடைக்கு மீன் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதே பயன் தரும்.

நல்ல செய்தி, கடல் வண்ண மீன்களில் பண்ணையில் பொரிக்க எளிதானவற்றுள் கோமாளி மீனும் ஒன்று. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மார்ட்டின் மோ 1970-களின் தொடக்கத்திலேயே வணிக அளவில் இதைச் செய்து காட்டினார். இங்கே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம், விழிஞ்சம் மையங்களிலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல்வாழ் உயிரியல் மையத்திலும் பல கோமாளி மீன் இனங்கள் பொரிக்கப்பட்டிருக்கின்றன. பரங்கிப்பேட்டையில் முகத்துவார நீரிலேயே வளர்த்துக் காட்டியது குறிப்பிடத்தக்கது.

பண்ணை மீனுக்கு வேறு நன்மைகளும் உண்டு. தொட்டியிலேயே பிறந்ததால் அடைபட்ட இடமும் குருணைத் தீனியும் அதற்குப் பழக்கம். தோல் உரிந்து சளிபோல் படியும் ‘ப்ரூக்ளினெல்லா’ என்ற நோய், கடலில் பிடித்த கோமாளி மீன்களில்தான் அதிகம் தென்படுகிறது. சில நேரம் பண்ணை மீனின் வெள்ளைப் பட்டை கோணலாகவோ பாதியிலோ நிற்கும். அது நோய் இல்லை.

கடையில் எதைப் பார்க்க வேண்டும்?

• மீன் தீனி எடுக்கிறதா என்று போட்டுக் காட்டச் சொல்லலாம். சாப்பிடாத மீனை வாங்க வேண்டாம்.

• செவுள் வேகவேகமாக அடிக்கிறதா, உடம்பில் வெள்ளைப் புள்ளியோ மாவு தூவியதுபோன்ற படலமோ இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். அதே தொட்டியில் வேறு மீன் செத்துக் கிடந்தாலும் தவிர்ப்பது நல்லது.

• கடைத் தொட்டியின் உப்பளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சில பண்ணைகளும் கடைகளும் குறைந்த உப்பில் மீனை வைத்திருக்கும். அப்படியே 1.025 நீரில் விட்டால் மீன் அதிர்ச்சி அடையும்.

• வீட்டுக்கு வந்ததும் கவரை 15, 20 நிமிடம் தொட்டி நீரில் மிதக்க விட்டு, பிறகு தொட்டி நீரைக் கவருக்குள் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பழக்க வேண்டும். உப்பளவு வித்தியாசம் அதிகம் என்றால் இன்னும் மெதுவாக. கவர் நீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது.

• ஏற்கெனவே மீன் இருக்கும் தொட்டி என்றால், புதிய மீனை ஒரு மாதம் தனித் தொட்டியில் வைத்துப் பார்ப்பது பாதுகாப்பு. தாமிரம் கலந்த மருந்துகளைத் தனித் தொட்டியில் மட்டுமே பயன்படுத்த வேண்டும். அது இறால், நத்தை, சாமந்தி எல்லாவற்றையும் கொன்றுவிடும்.

தீனி எவ்வளவு?

ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு முறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. கடல் மீனுக்கான குருணைத் தீனி, உறைய வைத்த ஆர்ட்டீமியா, பொடிப்பொடியாக நறுக்கிய இறால் எல்லாம் சாப்பிடும். வீட்டில் ஆளுக்கு ஒரு முறை "பாவம், பசிக்குது போல" என்று போடுவது ஆபத்து. கோமாளி மீன் எப்போது பார்த்தாலும் பசித்ததுபோல்தான் மேலே வரும். தீனி போடும் பொறுப்பு ஒருவரிடம் மட்டும் இருப்பது நல்லது.

வளர்க்க முடியவில்லை என்றால் கடலில் விட்டுவிடலாமா?

கூடாது. அட்லாண்டிக் கடலுக்குச் சொந்தமில்லாத சிங்க மீன், 1985-ல் ஃபுளோரிடா கடலில் முதன்முதலில் தென்பட்டது. வளர்ப்பவர்கள் தொட்டியில் இருந்து விட்ட மீன்களே அதற்குக் காரணமாக இருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. இன்று கரீபியன் கடல் முழுக்கப் பரவி, அங்குள்ள சின்ன மீன்களைத் தின்று தீர்க்கிறது. ‘டேங்க் க்ளீனர்’ என்று வாங்கி ஏரியில் விடப்பட்ட மீன்கள் தமிழக நீர்நிலைகளில் பெருகிக் கிடப்பதும் இதே கதைதான். தொட்டியில் பிடித்துக்கொண்ட நோயும் மீனுடன் சேர்ந்தே கடலுக்குப் போகும். கடைக்கே திருப்பித் தருவதோ, வளர்க்கத் தெரிந்த இன்னொருவரிடம் ஒப்படைப்பதோதான் சரி.

அப்படியென்றால் யார் வளர்க்கலாம்?

தினமும் பத்து நிமிடம், வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிகிறவர்கள் வளர்க்கலாம். ஊருக்குப் போகும்போது ஆர்.ஓ. நீர் ஊற்றவும் தீனி போடவும் பக்கத்து வீட்டில் ஓர் ஆள் வேண்டும். அடிக்கடி வாடகை வீடு மாறுகிறவர்கள் யோசித்துச் செய்வது நல்லது. 130 லிட்டர் கடலைத் தூக்கிக்கொண்டு போவது லேசுப்பட்ட வேலை இல்லை. குழந்தையின் பிறந்தநாளுக்கு நாளைக்கே மீன் வேண்டும் என்றால், நன்னீர் மீனுக்கும்கூட அது அவசரம்தான்.

பிறந்தநாளுக்கு மீனுக்குப் பதிலாகக் காலித் தொட்டியையும் பரிசோதனை கிட்டையும் வாங்கிக் கொடுக்கலாம். அம்மோனியா ஏறுவதையும் இறங்குவதையும் நோட்டில் தேதி போட்டுக் குறித்துவரும் வேலையைக் குழந்தையிடமே விடலாம். கோட்டின் இரண்டு முனைகளும் பூஜ்யத்துக்கு வந்த பிறகு, பண்ணையில் பொரித்த இரண்டு குஞ்சுகளை வாங்கி விட்டால், அந்தக் குழந்தை கல்லூரிக்குப் போகும் வரைக்கும் அவை தொட்டியில் நீந்திக்கொண்டிருக்க வாய்ப்பு இருக்கிறது.